செந்தொண்டை நெட்டைக்காலி: செபராங் பிறை வயல்களில் தேடுவது எப்படி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், வயல்வெளியில் பழுப்பாக ஒரு சிறு பறவை வரப்பில் குடுகுடுவென ஓடி, சட்டென்று நின்று, நெஞ்சை நிமிர்த்திப் பார்க்கிறதா? அநேகமாக அது வயல் நெட்டைக்காலி. ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும், இங்கேயே முட்டையிடும், எந்த வெட்டவெளிக்குப் போனாலும் கண்ணில் படும். இந்தக் கட்டுரை அதன் பங்காளியைப் பற்றியது. செந்தொண்டை நெட்டைக்காலி ஆர்க்டிக் துந்திராவில், ஸ்காண்டிநேவியா முதல் சைபீரியாவின் கிழக்குக் கோடி வரை கூடு கட்டும் பறவை. குளிர்காலத்தில் தெற்கே வந்து, நம் வயல்களில் வயல் நெட்டைக்காலிகளோடும் மஞ்சள் வாலாட்டிகளோடும் கலந்து இரை தேடும். உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை இல்லை. தீபகற்ப மலேசியா வரை இறங்கி வருபவைதான் குறைவு. அப்படி வருபவற்றிலும் பலவற்றைப் பார்த்தவர்களே "வயல் நெட்டைக்காலிதானே" என்று கடந்துவிடுகிறார்கள்.

செயலிகளிலும் கையேடுகளிலும் தேட வேண்டிய பெயர் ரெட் த்ரோட்டட் பிப்பிட். அறிவியல் பெயர் ஆந்தஸ் செர்வினஸ். 1811இல் பல்லாஸ் வைத்தது. செர்வினஸ் என்றால் லத்தீனில் மானைச் சேர்ந்தது என்று பொருள், அந்தத் தொண்டையின் நிறத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

பெயர் விஷயத்தில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. மலாயில் 'பிப்பிட்' என்றால் நெல்லைத் தின்னும் சில்லைக் குருவிகள். வயல்காரரிடம் போய் "பிப்பிட் இருக்கிறதா?" என்று கேட்டால், கதிர் முற்றிய வயலில் கூட்டமாக இறங்கும் சில்லைகளைக் கைகாட்டுவார். நீங்களும் நம்பிப் போய் அரைநாளைத் தொலைப்பீர்கள். பெயரைச் சொல்லாமல் இடத்தைக் கேளுங்கள்: அறுவடை முடிந்து புதிதாக உழுத வயல் எங்கே, இன்னும் தண்ணீர் கட்டாத வயல் எங்கே. இதற்கு அவர் சொல்லும் பதில் எந்தக் கையேட்டையும்விடச் சரியாக இருக்கும்.

முதலில் வயல் நெட்டைக்காலியைப் படியுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் நாளே அரிதானதைத் தேடிக் கிளம்புவது. தேடுவதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒளி சற்று மாறி விழுந்த சாதாரணப் பறவைகூட அதுவாகவே தெரியும். முதல் இரண்டு பயணங்களை வயல் நெட்டைக்காலிக்கு மட்டும் ஒதுக்குங்கள். குறைந்தது முப்பது பறவைகளையாவது ஒவ்வொன்றாக, ஒன்றுக்கு இரண்டு நிமிடமாவது, தொலைநோக்கியை இறக்காமல் பாருங்கள். இதைச் செய்தவர்களுக்கு வித்தியாசமான பறவை தானாகவே கண்ணில் இடறும்.

கவனிக்க வேண்டியவை இவை. அளவு 15 முதல் 16 சென்டிமீட்டர். கால் நீளம், நிற்கும் நிலை நிமிர்வு. மார்பின் மேற்பகுதியில் மட்டும் மெல்லிய சில கீற்றுகள் இருக்கும். விலாப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக, மங்கிய மணல் நிறத்தில் இருக்கும். முதுகில் கீற்றுகள் உண்டு என்றாலும் தூரத்திலிருந்து பார்த்தால் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். எழும்பும்போது "சிப்... சிப்-சிப்" என்று குட்டையாகக் கத்தும். அந்தக் குரல் காதில் ஊறிப்போக வேண்டும்.

இதில் முக்கியமான இன்னொன்று, அதன் குஞ்சுகள். வயல் நெட்டைக்காலி ஆண்டின் முற்பாதியில் இங்கே கூடு கட்டுவதால், பிப்ரவரிக்குப் பிறகு கூட்டைவிட்டு வெளியே வந்த இளம்பறவைகளையும் வயலில் பார்க்கலாம். அவற்றின் மார்பில் கறுப்புப் புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும். முதுகு இறகுகள் வெளிர் விளிம்போடு மீன் செதிள்போல் தெரியும். "மார்பு முழுக்கக் கீற்று, செந்தொண்டைதான்" என்று பதிவு செய்யப்படும் பறவைகளில் பல இந்தக் குஞ்சுகளாக இருக்கலாம். விலாவைப் பாருங்கள், குஞ்சாக இருந்தாலும் வெறுமையாகத்தான் இருக்கும். காலைப் பாருங்கள், நீளமாக இருக்கும். அதோடு பெரியது ஒன்று பக்கத்தில் நின்று இரை ஊட்டினால் சந்தேகமே வேண்டாம்.

எப்போது போவது

நம் நாட்காட்டியில் சொல்வதென்றால், தீபாவளியை ஒட்டி வரத் தொடங்கும், சித்திரைப் புத்தாண்டு கழிந்து சில வாரங்களில் போய்விடும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஏழு மாதமும் ஒரே மாதிரி இல்லை.

அக்டோபர், நவம்பரில் வரும் பறவைகளில் பல அந்த ஆண்டுதான் பிறந்தவை. அவற்றுக்குத் தொண்டையில் சிவப்பு துளியும் இருக்காது. பெயரை நம்பி சிவப்பைத் தேடினால் கண்முன் நிற்பதையே விட்டுவிடுவீர்கள். மழையும் அப்போது அதிகம். வடக்குத் தீபகற்பத்தில் ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த காலம்; பொங்கலிலிருந்து தைப்பூசம் கழியும் வரையிலான வாரங்களில் வரப்பு காலைத் தாங்கும், வழி வழுக்காது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. அதற்குள் வளர்ந்த பறவைகள் இறகு மாற்றி, முகமும் தொண்டையும் மேல் மார்பும் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கோலத்தில் ஒரு முறை பார்த்துவிட்டால், மறு ஆண்டு நவம்பரில் சிவப்பில்லாத பறவையை அடையாளம் காணும் துணிச்சல் வரும்.

நாளில் நேரம் என்றால் விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம். பினாங்கில் இந்த மாதங்களில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.35க்கும் இடையில் உதிக்கிறது. 7.30க்கு வயலோரத்தில் நிற்க வேண்டும். 9.30 தாண்டினால் காய்ந்த மண்ணிலிருந்து கானல் எழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியாக இருந்தாலும் 50 மீட்டருக்கு அப்பால் கீற்றுகள் கரைந்துவிடும், கீற்று தெரியாவிட்டால் இந்தப் பறவையில் ஒன்றும் செய்ய முடியாது. மாலை 5.30க்குமேல் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் மாலையில் இடி மின்னல் அபாயம். வெட்டவெளியில் நீங்கள்தான் உயரமான பொருள், முதல் இடி கேட்டதுமே காருக்குள் ஏறிவிடுங்கள்.

இடத்தைவிட மண்ணின் நிலை முக்கியம்

பினாங்கின் நெல் வயல்களில் பெரும்பகுதி பெருநிலத்தில், செபராங் பிறை வடக்கில் இருக்கிறது. பினாகா, கெப்பாலா பத்தாஸ், பினாங் துங்கால் என்று மூடா ஆறுவரை வயல்கள்தான். தீவில் இருப்பவர்களுக்குப் பாலிக் பூலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல்கள் கிட்டத்தில் உண்டு. பரப்பு சிறியது, பழகுவதற்கு நல்ல இடம். "எந்த வயலில் பார்த்தீர்கள்?" என்று கேட்டு அதே இடத்துக்கு ஓடுவதில் பயனில்லை. போன வாரம் உழவு நிலமாக இருந்தது இந்த வாரம் குளமாக இருக்கும்.

ஆண்டுக்கு இரண்டு போகம், விதைத்து அறுக்க ஏறக்குறைய நான்கு மாதம். இந்தச் சுழற்சியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பறவை. தண்ணீர் கட்டிய வயலில் கொக்கு, உள்ளான். நெல் முழங்கால் உயரம் வந்ததும் கதிர்க்குருவிகள். கதிர் முற்றினால் சில்லையும் தூக்கணாங்குருவியும். செந்தொண்டை நெட்டைக்காலிக்கு வேண்டியது இவற்றுக்கு இடையில் வரும் குறுகிய காலம்: அறுவடை இயந்திரம் போனபின், தாளை உழுது புரட்டி, மண் இன்னும் ஈரமாக இருந்து, தண்ணீர் மட்டும் நிற்காத நிலை. கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்கும், விரலில் சேறாக ஒட்டாது என்ற பதம். அந்த மண்ணில்தான் புழுவும் வண்டும் பூச்சியும் மேலே வந்து கிடக்கும், பறவை ஒளிய மண்கட்டியும் இருக்கும். நன்றாகக் காய்ந்து வெடித்த நிலமும், வைக்கோலைக் கொளுத்திக் கரியான நிலமும் அவ்வளவாகச் சரிவராது. மாடு மேய்ந்து புல் கணுக்கால் உயரத்துக்குக் குறைந்த ஈரமான தரிசு, கீரைப் பாத்தி ஓரம், வாய்க்கால் கரைப் புல் ஆகியவற்றை இரண்டாம் வரிசையில் வையுங்கள்.

மஞ்சள் வாலாட்டிகள் கூட்டமாக இறங்கியிருக்கும் உழவு நிலம் கிடைத்தால் வேறு எங்கும் போகாதீர்கள். அவை தேடுவதைத்தான் இதுவும் தேடுகிறது. டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும் வயலின் பின்பக்கமும் அதேபோல். கொக்குகள் இயந்திரத்தை ஒட்டி நடக்கும், சிறு பறவைகள் இருபது முப்பது மீட்டர் பின்தங்கி வரும்.

கையில் என்ன வேண்டும்

8x42 தொலைநோக்கி போதும். 10x இன்னும் பெரிதாகக் காட்டும். கூடவே கை நடுக்கத்தையும் கானலையும் சேர்த்துப் பெரிதாக்கும். நான்கைந்து பேர் கொண்ட குழுவில் ஒருவரிடமாவது முக்காலியில் வைக்கும் 20-60x ஸ்கோப் இருந்தால் நல்லது. இந்தப் பறவைக்கு அது ஆடம்பரம் இல்லை, வரப்பில் இறங்காமலேயே விலாவைப் பார்க்க வழி அது ஒன்றுதான். கேமரா வைத்திருப்பவர்கள் 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ், பறக்கும்போது எடுக்க 1/1600 நொடி வேகம். அகலத் தொப்பி, மங்கிய நிறச் சட்டை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். செருப்போடு போகாதீர்கள். வயலில் எலி அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரலாம். பல வயல்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்ப்பதே எலியைக் கட்டுப்படுத்தத்தான். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டுக்கும் காப்பு. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், வயலுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஆந்தைப் பெட்டிகளுக்கு அருகில் போகவும் வேண்டாம், உள்ளே குஞ்சு இருக்கலாம்.

வயலோரத்தில் செய்ய வேண்டியது

காரை வயல்பாதையில் நிறுத்தும்போது அறுவடை இயந்திரமும் நெல் லாரியும் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அறுவடை நாளில் வழியை அடைத்தால் ஒரு குடும்பத்தின் நாலு மாத உழைப்புக்கு இடைஞ்சல். யாராவது வயலில் இருந்தால் முதலில் அவரிடம் போய் வணக்கம் சொல்லிக் கேளுங்கள்: "பாக் சிக், போலே தெங்கோக் பூரோங் டி சினி?" (ஐயா, இங்கே பறவை பார்க்கலாமா?) பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். மருந்து அடித்த வயல் எது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அதில் இறங்கவே கூடாது.

உடனே இறங்கி நடக்காதீர்கள். காரே நல்ல மறைவிடம். நடக்கும் ஆளைக் கண்டு 40 மீட்டரில் எழும்பும் பறவை, எஞ்சின் அணைத்து நிற்கும் காரை 15 மீட்டர்வரை பொறுத்துக்கொள்ளும். காலையில் வயலின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், கீற்று ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லா நெட்டைக்காலியும் கறுப்பு நிழல்தான்.

வயலை மனத்துக்குள் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருக்கும் பாத்தியை இடமிருந்து வலமாக ஒரு முறை, பிறகு வலமிருந்து இடமாக. ஒரு வயலுக்குக் குறைந்தது பத்து நிமிடம். முதல் பார்வையில் ஒன்றுமில்லாத நிலத்தில் ஐந்தாவது நிமிடத்தில் ஆறு பறவைகள் இருக்கும். மண்கட்டிக்குப் பின்னால் இருந்தவை வெளியே வந்திருக்கும். செந்தொண்டையின் நடையே இப்படித்தான். வயல் நெட்டைக்காலி கட்டியின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்க்கும். செந்தொண்டை உடலைத் தரையோடு தாழ்த்தி, உழவுச் சாலுக்குள் ஊர்வதுபோல் நடக்கும். தாழ்ந்து நடக்கும் எதையும் விடாதீர்கள்.

குழுவாகப் போனால் இடத்தைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். "அதோ, அங்கே" என்று கைநீட்டினால் நீட்டும் கையைப் பார்த்தே பறவை எழும்பிவிடும். "நேர் எதிரே பன்னிரண்டு மணி, ஒரு மணித் திசையில் பளபளக்கும் நாடா கட்டிய குச்சி, அதிலிருந்து இரண்டு பாத்தி இப்பால்" என்று வாயால் சொல்லுங்கள்.

எதை முதலில் பார்ப்பது

வரிசை முக்கியம். பறவை உங்களுக்கு ஐந்து நொடிதான் தரும், அந்த ஐந்து நொடியில் கண் எங்கே போக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் விலா. இறக்கைக்குக் கீழே, வயிற்றின் பக்கவாட்டில், தடித்த கறுப்புக் கீற்றுகள் வரிசையாக ஓடுகின்றனவா? மார்பில் தொடங்கிப் பின்னால்வரை தொடர்கின்றனவா? ஆம் என்றால் வயல் நெட்டைக்காலியும் ரிச்சர்டு நெட்டைக்காலியும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. அவை இரண்டுக்கும் விலாவில் கீற்று கிடையாது.

அடுத்து முதுகு. செந்தொண்டையின் முதுகில் கறுப்புக் கீற்றுகளுக்கு நடுவே இரண்டு வெளிர் கோடுகள் தோளிலிருந்து கீழே இறங்கும், பள்ளிப் பையின் இரு பட்டைகளைப் போல. பறவை திரும்பி நிற்கும்போது இது எவ்வளவோ உதவும். புதியவர்கள் "முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறதே" என்று அலுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் உண்மையில் நல்ல அடையாளம் கண்முன் இருக்கிறது.

மூன்றாவது பிட்டம், அதாவது வாலுக்கு மேலே, மடக்கிய இறக்கை மறைக்கும் பகுதி. செந்தொண்டைக்கு அங்கேயும் கீற்று உண்டு. இறக்கையைத் தளர்த்தும்போதோ எழும்பும் நொடியிலோதான் தெரியும். கேமரா இருந்தால் எழும்பும்போது தொடர்ச்சியாகச் சுட்டுத்தள்ளுங்கள். மங்கலான படம்கூடச் சான்றாகும்.

நான்காவது கழுத்துப்பக்கம். தாடையிலிருந்து இறங்கும் கறுப்புக் கோடு கழுத்தில் முக்கோணத் திட்டாக விரியும்.

தொண்டையைக் கடைசியாகப் பாருங்கள். சிவப்பு இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் அது முதற்குளிர்காலப் பறவையாக இருக்கலாம். பெண் பறவைகளில் சிலவற்றுக்கு மங்கிய இளஞ்சிவப்பு மட்டுமே இருக்கும். இளங்காலை வெயில் எல்லாத் தொண்டையையும் செம்மையாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிவப்பை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தவறு நேரும்.

குழப்பக்கூடிய மற்றவை: ரிச்சர்டு நெட்டைக்காலியும் குளிர்கால விருந்தாளிதான். 17, 18 சென்டிமீட்டர், கனத்த அலகு, புல் உயர்ந்த இடத்தை விரும்பும். இறங்குமுன் புல்லுக்கு மேலே நொடிநேரம் சிறகடித்து நிற்கும். மரத்தோரங்களில் இருக்கும் பச்சைமுதுகு நெட்டைக்காலிக்கு மார்பில் தடித்த கீற்று உண்டு. ஆனால் முதுகு பச்சை கலந்து கிட்டத்தட்டக் கீற்றில்லாமல் இருக்கும், கலைத்தால் மரத்தில் ஏறும். மஞ்சள் வாலாட்டியின் இளம்பறவையில் மஞ்சள் தெரியாமல் சாம்பலாக இருப்பது உண்டு. வால் நீளம், முதுகு வழவழவென்று ஒரே நிறம்; இரண்டாவது பார்வைக்கே விலகிவிடும்.

காது கண்ணைவிட முந்தும்

பலருக்கு இந்தப் பறவை முதலில் குரலாகத்தான் கிடைக்கும். எழும்பும்போது மெல்லியதாக, ஊசியாகக் குத்தும் ஒற்றை இழுப்பு: "ப்ஸீஇஇஇ...". தொடக்கம் பட்டென்று கூர்மை, முடிவு தேய்ந்து மறையும். வயல் நெட்டைக்காலியின் "சிப்-சிப்" குட்டை. ரிச்சர்டின் "ஷ்ரீப்" கரகரப்பு, உரத்தது. வாலாட்டியின் "ட்ஸ்வீப்" செந்தொண்டைக்குச் சற்று நெருக்கம், ஆனால் தடித்தது, இழுப்பு இல்லை. போகுமுன் வீட்டில் நான்கு குரலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வாரம் கேளுங்கள், தினம் ஐந்து நிமிடம் போதும்.

பறவை எப்போது எழும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் வரப்பில் கால் வைக்குமுன் கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, சட்டைப் பையில் ஒலிவாங்கி வெளியே தெரியும்படி வையுங்கள். எழும்பிய உடனே "இப்போது, 8.10" என்று வாயால் சொன்னால் வீட்டில் தேடுவது எளிது. குரலைக் கேட்டுப் பறவையை ஊகிக்கும் மெர்லின் செயலி பெயர் சொன்னால் அதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை மெல்லிய ஒற்றைக் குரலில் அது தடுமாறலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை, உழவாரன் (ஸ்விஃப்ட்லெட்) கூட்டுக் கட்டடங்கள். பறவைக்கூடு எடுப்பதற்காகக் கட்டிய அந்த மாடிகளின் ஒலிபெருக்கியிலிருந்து நாள் முழுக்கக் கிறீச்சொலி வந்துகொண்டே இருக்கும். அந்த ஒலியும் உச்ச சுருதிதான். செந்தொண்டையின் குரல் அதில் அப்படியே அமுங்கிவிடும். குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளிய வயலைத் தேர்ந்தெடுங்கள்.

வரப்பில் இறங்க வேண்டி வந்தால்

காரிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்றால் மட்டும் இறங்குங்கள். ஒருவர் பின் ஒருவராக, பழைய, புல் பிடித்த வரப்பில் மட்டும். புதிதாக மண் அணைத்த வரப்பு உங்கள் எடையில் சரியும். சரிந்தால் தண்ணீர் கட்டும் நாளில் ஒழுகும், அதைச் சரிசெய்ய அவர் ஒரு காலையைச் செலவிட வேண்டும். உழவு நிலத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

இருபது அடி நடந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். பறவை எழும்பினால் துரத்தாதீர்கள். செந்தொண்டை கலைந்தால் உயரமாக ஏறி, குரல் கொடுத்துக்கொண்டே வட்டமிட்டு, பல நேரம் அதே வயலின் மறுபக்கம் இறங்கும். நின்ற இடத்திலேயே நின்று, எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் கண்ணால் பிடியுங்கள். பிறகு காரில் ஏறி அந்தப் பக்கம் போங்கள். ஒரே பறவையை இரண்டு முறைக்குமேல் எழுப்பக் கூடாது. மார்ச், ஏப்ரலில் அது உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கும். பினாங்கிலிருந்து ஆர்க்டிக் கரைக்கு நேர்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்குமேல், அதைக் கடக்கப் போவது ஒரு கைப்பிடிகூட இல்லாத உயிர். நமக்கு ஒரு நல்ல படம் கிடைப்பதற்காக அதன் ஒரு காலை இரையைக் கெடுப்பது எந்த வகையிலும் சரியில்லை. குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம்.

வயலில் மெல்லிய வலை கட்டி அதில் சிறு பறவைகள் சிக்கியிருப்பதைப் பார்த்தால், நீங்களாக எதுவும் செய்யாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். நெல்வயலைத் தேடி வரும் மஞ்சள்மார்புப் பண்டிங் என்ற விருந்தாளி, வலையில் பிடித்துத் தின்றே தீர்க்கப்பட்டு, 2017இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஆசியா முழுவதும் கூட்டம் கூட்டமாகத் திரிந்த பறவை அது. சில்லைக் கூட்டத்தைப் பார்க்கும்போது, நடுவே மஞ்சள் வயிறோடு ஒன்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பதிவு

வயலிலேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் கையேட்டில் உள்ளதைத்தான் எழுதுவீர்கள். பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் வழக்கமில்லாத பறவையைச் சேர்க்கும்போது விவரம் கேட்கும். "தெளிவாகப் பார்த்தேன்" என்று போட்டால் சரிபார்ப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. இந்த மாதிரி இருக்க வேண்டும்: "காலை 8.10 முதல் 8.16 வரை, 25 மீட்டர் தூரம், வெயில் முதுகுப்பக்கம். ஈரமான உழவு நிலம், கூட ஏழு மஞ்சள் வாலாட்டி, மூன்று வயல் நெட்டைக்காலி. அவற்றைவிடச் சிறியது, தாழ்ந்து நடந்தது. விலா முழுக்கத் தடித்த கீற்று, முதுகில் இரண்டு வெளிர் பட்டை. தொண்டையில் சிவப்பு இல்லை. எழும்பும்போது மெல்லிய நீண்ட ஒற்றைக் குரல், ஒலிப்பதிவு உண்டு. பிட்டம் பார்க்கவில்லை." பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவது பதிவின் மதிப்பைக் கூட்டும்.

விலாவும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை என்றால் 'நெட்டைக்காலி, இனம் தெரியவில்லை' என்றே போடுங்கள். அதற்கென்று தனிப் பதிவு வசதியே இருக்கிறது, அனுபவசாலிகளும் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள்.

பறவை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் விட இன்னும் நாள் இருந்தால் இரண்டு நாளுக்குள் அதே நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். மண் பதம் மாறாதவரை பறவை அங்கேயே சுற்றும். மறுநாளே மடை திறக்கிறார்கள் என்றால் வாய்க்காலைப் பின்தொடர்ந்து, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கோடியில் உள்ள வயல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.